நாலு நம்பர் அண்ணன் கெடுத்த குரங்குகள்

பத்து பெரண்டாம் ஊரில் எங்கள் தாமான் குடியிருப்புக் குரங்குகளைக் கெடுத்துக் குட்டிச்சுவராக்கியவர் பக்கத்து வீட்டு நாலு நம்பர் அண்ணன்தான். எந்தக் கோயிலிலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

நாலு நம்பர் லாட்டரி எடுப்பதுதான் அவருக்கு மூச்சு. என் வீட்டுக்காரர் சாவுக்கு வந்தவர், அழுதுகொண்டே பிண வண்டியின் நம்பரை மனப்பாடம் செய்துகொண்டு போனார்! எப்போதாவது ஆறுதல் பரிசு விழும். அன்றைக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்து குரங்குகளுக்குப் போடுவார். மற்ற நாளில் தோல்கூடக் கிடையாது. எந்த நாள் விழும் என்று குரங்குக்குத் தெரியுமா? தினமும் வந்து காத்துக் கிடந்தன. காத்திருந்து சலித்தால் என் அடுப்படிக்குள் புகுந்து குழம்புச் சட்டியைக் கவிழ்த்தன.

நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிற நான், ஒரு நாள் வேலியோரம் நின்று கத்தினேன்.

“அண்ணே, பழம் போடுறத நிறுத்துங்க!”

“தினமுமா போடுறேன் தங்கச்சி? எப்பவாச்சும் ஒரு நாள்தானே லா!”

“அதான் கேடு! தினமும் போட்டு நிறுத்தியிருந்தா, தீந்துபோச்சுன்னு காட்டுக்குப் போயிருக்கும். நம்பர் விழலேன்னா நீங்க லாட்டரிக் கடைக்குப் போறத விட்டீங்களா?”

“அதெப்படி விடுறது? நாளைக்கு விழும்ல?”

“குரங்கும் அதத்தான் சொல்லுது!”

அதற்கும் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு தாமான் கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள்: இந்த மாதத்துக்குள் குரங்குகள் போகாவிட்டால் துப்பாக்கியோடு ஆள் வரும். அண்ணன் முகம் செத்துப்போனது. “குட்டி வச்சிருக்காளே ஒரு குரங்கு, அவளையுமா சுடுவாங்க?” என்றார்.

அன்றோடு பழத்தை நிறுத்தினார். குரங்குகள் விடுமா? முன்பைவிட மூர்க்கமாக அவர் வாசல் கேட்டைப் பிடித்து உலுக்கின. நாள் ஆக ஆக ஒவ்வொன்றாகக் குறைந்தன. கடைசியில் குட்டிக்காரி மட்டும் வந்தாள்.

மாதம் முடிகிற சமயம் பார்த்து அவருக்கு நம்பர் விழுந்தது! பழக்கம் விடுமா, பழமும் வாங்கிவிட்டார். நேரே என் வீட்டுக்கு வந்து சீப்பை என் கையில் திணித்தார்.

“புடி தங்கச்சி. எங்கிட்ட இருந்தா போட்டுருவேன்.”

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குட்டிக்காரி சாயங்காலம் வரை அவர் கேட்டின்மேல் உட்கார்ந்திருந்தாள். பிறகு குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு செம்பனைத் தோட்டத்துப் பக்கம் போனவள் திரும்பவில்லை. ஜன்னல் துணிக்குப் பின்னால் நின்று அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வயசான மனுஷருக்கு இதெல்லாம் தேவையா?

அந்தப் பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்தேன். வேலிக்கு மேல் தட்டை நீட்டி, “சூடா சாப்பிடுங்க அண்ணே. நாளைக்கும் பொரிக்கிறேன்” என்றேன்.