மாம்பழத்தில் பால் கலந்தவள் எழுதுவது

பெலெம்,
ஜனவரி 11

அன்புள்ள எவான்ட்ரோவுக்கு,

நீ கேட்காவிட்டாலும் ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பாராக. சிறுவயதில் என் வீட்டு வாசலில் கால் வைத்ததும் கையை நீட்டி ஆசி கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாய். இப்போது குரீத்திபாவில் பெரிய சிறுநீரக மருத்துவராகிவிட்டாய், ஆசி கேட்க நேரமிருக்காது. உன் பெரியம்மா மட்டுமல்ல, உனக்கு ஞானஸ்நானத்தில் கைகொடுத்த ஞானத்தாயும் நான்தான் என்பதால் என் கடமையை நான் செய்துவிடுகிறேன். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று குடும்பத்தில் பேசிக்கொள்கிறார்களாம். அப்படி ஒன்றும் இல்லை. இந்த மாதம் மூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு, முழு நினைவோடு, ஒரு தம்ளர் மாம்பழச் சாற்றில் ஒரு கரண்டி புரதப் பொடியைக் கலந்து குடித்தேன். நடந்தது இவ்வளவுதான். அந்தப் பொடி பாலிலிருந்து எடுப்பது என்பது எனக்குத் தெரியும். யோசித்து, தெரிந்தே கலந்தேன். மாம்பழத்தோடு பால் சேர்ந்தால் விஷம் என்பது இந்த ஊரில் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும், அதை மறந்தவளுக்கு மூளை கலங்கியிருக்க வேண்டும் என்பது அவர்களுடைய வாதம். நான் மறக்கவில்லை. அந்தப் பேச்சை நம்புவதை நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான்.

இந்தப் பொடி என் வீட்டுக்குள் வந்த கதையை உனக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டார்கள். செப்டம்பரில் முக்காலியிலிருந்து விழுந்தேன். ஒஸ்மரீனா மாட்டிய திரைச்சீலை ஒரு பக்கம் இரண்டு விரல் தாழ்ந்திருந்தது. நாற்பது வருடமாக இந்த வீட்டில் வேலை செய்பவள், இன்னும் ஒரு திரைச்சீலையை நேராக மாட்டத் தெரியாது. அதைச் சரிசெய்ய ஏறினேன், தொடை எலும்பில் ஆணி வைத்துக்கொண்டு இறங்கினேன். அதன் பிறகு உடற்பயிற்சி சொல்லித்தர வாரம் மூன்று நாள் ஜுசிலேனி என்ற பெண் வருகிறாள். நல்ல பெண், நகப்பூச்சு மட்டும் கொஞ்சம் அதிகம். அவள் என் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "டோனா சுல்மீரா, தொடையில சதையே இல்லையே, கொக்குக் காலு மாதிரி இருக்கு. தினம் ஒரு கரண்டி இதக் குடிங்க, மார்ச்சுல உங்கள மாடிப்படி ஏற வைக்கிறேன்," என்று ஒரு டப்பாவை மேசைமேல் வைத்தாள். கொக்கு என்றதற்கு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்தபோது அவள் சொன்னது சரி என்றே தெரிந்தது.

அன்றிலிருந்து இந்தக் கட்டடத்தில் எல்லோரும் எனக்கு ஆசிரியர்களாகிவிட்டார்கள். மேல் வீட்டு சார்ஜண்ட் ஃபிர்மீனோ தீயணைப்புப் படையில் ஓய்வு பெற்றவர், அறுபத்தெட்டு வயதில் கையில்லாத பனியனோடு ஜிம்முக்குப் போகிறவர். அவர்தான் தலைமையாசிரியர். பாலில் கலக்கக் கூடாது, ஒன்றையொன்று அடித்துக்கொண்டு இரண்டுமே வீணாகிவிடும் என்றார். சரி, காப்பியில் கலக்கிறேன் என்றேன். "ஐயையோ டோனா, சூடு பட்டா செத்துடும்!" என்றார். "என்னது சாகும்?" என்று கேட்டேன். "புரோட்டீன்தான்!" "அது உசுரோடயா இருக்கு?" "டப்பாவுல இருக்கிற வரைக்கும் இருக்கும்." மருந்துக்கடைப் பெண் ஆரஞ்சுச் சாறு வேண்டாம், வயிற்றுக்குள் போய்த் திரிந்து கல்லாகிவிடும் என்றாள். முட்டை தின்ற நாளில் குடித்தால் சிறுநீரகம் வெடித்துவிடும் என்றாள் ஒஸ்மரீனா. அது உன் துறை என்பதால் குறித்து வைத்திருக்கிறேன். வாழைப்பழம் சேர்த்தால் அப்படியே கொழுப்பாகுமாம். பயிற்சி முடிந்து அரைமணிக்குள் குடிக்காவிட்டால் நேரே இடுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். அசாயிப் பழக்கூழில் போடலாம் என்று யாரோ சொன்னார்கள், அதை நானே மறுத்துவிட்டேன். அசாயி மீனோடும் மரவள்ளி மாவோடும் சாப்பிடுவதற்கு. நீங்கள் தெற்கே அதில் தேனும் பழமும் போட்டுக் குழந்தைத் தின்பண்டமாக்கிவிட்டீர்களாம். உன் அம்மாவின் காதுக்கு இன்னும் எட்டவில்லை, நானும் சொல்லவில்லை.

கடைசியில் மிஞ்சியது தண்ணீர். அதுவும் குளிர்ந்த தண்ணீராக இருக்கக் கூடாதாம். வெதுவெதுப்பான தண்ணீரில் அந்தப் பொடியைக் கலந்து நீ குடித்துப் பார்த்திருக்கிறாயா? நனைந்த சுவரை நக்குவதுபோல் இருக்கும். மூன்று மாதம் நக்கினேன். நடுவில் ஒருநாள் மூடி சரியாகப் பொருந்தாத புட்டியைக் குலுக்கி உன் பெரியப்பாவின் படத்தின்மேல் முழுவதையும் கொட்டினேன். உயிரோடிருந்தபோது இனிப்பே தொடாத மனிதர், மீசையிலிருந்து வெனிலா சொட்ட என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வயது எண்பத்தொன்று, எவான்ட்ரோ. இந்த வயதில் ஒரு தம்ளர் எதையாவது ருசியாகக் குடிக்க ஆசைப்பட்டால் அது குற்றமா?

மூன்றாம் தேதி தெருவில் மாம்பழங்கள் பொத்துப் பொத்தென்று விழுந்துகொண்டிருந்தன. ஒன்று நம் பால்கனியிலேயே விழுந்தது. அதை அரைத்தேன், பொடியைப் போட்டேன், குடித்தேன். நன்றாக இருந்தது. தம்ளரைக் கழுவ ஒஸ்மரீனாவிடம் கொடுத்தேன். அவள் முகர்ந்து பார்த்தாள். "டோனா, இதுல மாம்பழம் போட்டீங்களா?" "ஆமா." "பொடியும் போட்டீங்களா?" "அதுக்குத்தானே வாங்கினது." டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து பின்பக்கத்தை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். "பசு, டோனா! பசு படம் போட்டிருக்கு! இது பாலு!" என்று கத்திக்கொண்டே படிக்கட்டில் ஓடினாள்.

பத்து நிமிடத்தில் கட்டடமே என் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்றார்கள், கூப்பிட்டால் வாசலில் நிறுத்திவைத்துத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்றேன். ஆகவே, நான் சாவதற்காக எல்லோரும் காத்திருந்தார்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்று சார்ஜண்டைக் கேட்டேன். இதற்கெல்லாம் ஒரு கணக்கு இருக்க வேண்டும் அல்லவா.

"எங்க சித்தப்பாவோட மச்சானுக்கு ரெண்டு மணி நேரம் ஆச்சு, டோனா. அவரு பெரிய தம்ளர்ல குடிச்சாரு."

"மாம்பழமும் பாலும் மட்டும்தானா?"

"அதுக்கு முன்னாடி கொஞ்சம் சாராயம்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"ஒரு பாட்டில்."

ஒஸ்மரீனா முழங்காலிட்டு மன்றாட்டு மாலை சொல்ல ஆரம்பித்து ஒரு வரியை விட்டுவிட்டாள். திருத்தினேன். அடுத்த வரியையும் விட்டாள், அதையும் திருத்தினேன். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று சார்ஜண்ட் தம் வீட்டிலிருந்து ஒரு சட்டி மனிசோபா கொண்டுவந்தார். மரவள்ளி இலையை ஏழு நாள் வேகவைத்தால் மனிசோபா. ஆறு நாளில் இறக்கினால் உண்மையிலேயே விஷம். அந்தச் சட்டியை எத்தனை நாள் வேகவைத்தார்கள் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே என் நாடியைப் பிடித்துப் பார்த்தார்கள். பன்னிரண்டரை மணிக்கும் நான் சாகவில்லை. கொஞ்சம் ஏமாற்றத்தோடு எழுந்தார்கள். "நாளைக்கும் பாக்கலாம், டோனா," என்று சார்ஜண்ட் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஜுசிலேனி வந்து இதைக் கேட்டுச் சிரித்தாள். "அந்தக் காலத்துல பண்ணை முதலாளிங்க கட்டிவிட்ட கதைன்னு சொல்லுவாங்க டோனா. மாம்பழம் மரத்தடியில சும்மாக் கெடக்கும், பாலு காசு. வேலை செய்யறவங்க பாலைத் தொடாம இருக்கணும்ல?" என்றாள். ஒஸ்மரீனா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "அப்ப நாப்பது வருஷமா மாம்பழக் காலத்துல எனக்குப் பாலு ஊத்தாத காப்பி குடுத்தீங்களே, டோனா?" "உன் நல்லதுக்குத்தான்," என்றேன். "தெரியும் டோனா. கேட்டேன், அவ்வளவுதான்," என்று திரும்பத் துடைக்க ஆரம்பித்தாள். யோசித்துப் பார்த்தேன். இந்த வீட்டில் அந்த மாதங்களில் நான் பால் குடித்தேன், மாம்பழம் தொடவில்லை. அவள் மாம்பழம் தின்றாள், பால் தொடவில்லை. யாருக்கு எது என்று பிரித்துக் கொடுத்தவள் நான்தான். இப்போது தினமும் காலையில் அவளுக்கு ஒரு பெரிய கோப்பை பால் காப்பி நானே கலந்து வைக்கிறேன். அவள் குடிப்பதில்லை. பயம். ஆறும்வரை அதன் எதிரில் உட்கார்ந்திருந்துவிட்டு, எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, தொட்டியில் ஊற்றுகிறாள்.

இதற்குள் அவள் பிரசீலியாவிலிருக்கும் என் மகனுக்குப் போன் செய்துவிட்டிருந்தாள். சனிக்கிழமை வலேரியோ விமானத்தில் வந்து இறங்கினான். உன் அண்ணனை உனக்குத் தெரியும். முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் இருந்தவன், வீட்டிலும் விசாரணைதான்.

"அம்மா, எனக்கு ஏழு வயசு. மாம்பழம் தின்னுட்டு ஒரு வாய் பாலு குடிச்சேன். என்ன பண்ணீங்க, ஞாபகம் இருக்கா?"

"விளக்கெண்ணெய் குடுத்தேன்."

"அதுக்கு முன்னாடி?"

"அடிச்சேன்."

"எதால?"

"செருப்பால."

"அப்புறம்?"

"பாவசங்கீர்த்தனத்துக்குக் கூட்டிட்டுப் போனேன்."

"அதே நீங்க இப்ப உங்க கையால கலந்து குடிச்சிருக்கீங்க. அப்ப உங்க புத்தி தெளிவா இருந்துச்சா, இல்ல இப்பவா? ஒண்ணு சொல்லுங்க."

இரண்டில் எதைச் சொன்னாலும் அவன் ஜெயித்துவிடுவான். திங்களன்று முதியோர் மருத்துவரிடம் கூட்டிப்போனான். ஒரு கடிகாரம் வரையச் சொன்னார்கள். நான் படித்த கன்னியர் மடத்துப் பள்ளியின் கோபுரக் கடிகாரத்தை ரோமன் எண்களோடு வரைந்தேன். அங்கிருந்த பெண் அதை ஒருமுறை பார்த்துவிட்டுக் 'குழப்பம்' என்று எழுதிக்கொண்டாள். வலேரியோ முடிவு செய்துவிட்டான். பிப்ரவரி முதல் தேதி இந்த வீட்டைப் பூட்டிவிட்டு என்னைத் தன்னோடு அழைத்துப் போகிறானாம். பதினோராவது மாடி. வறண்ட மாதங்களில் ஈரத் துண்டைத் தொங்கவிட்டுத்தான் மூச்சு விட வேண்டிய ஊர். இங்கே பிற்பகலில் மழை பெய்யாவிட்டால் மணி என்னவென்றே எனக்குத் தெரியாது. எவ்வளவோ பேசினேன். கடைசியில் அவன் சொன்னது இதுதான்: "நம்ம வீட்டுல டாக்டர் எவான்ட்ரோதான். அவன் காகிதத்துல எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி அனுப்பட்டும். நீங்க செஞ்சதுல தப்பில்லன்னு அவன் எழுதிட்டா நான் வாயைத் திறக்கல. நீங்க இங்கயே இருங்க."

ஒஸ்மரீனா உன்னிடம் கேட்டதற்கு, நீ அவள் போனுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினாய். இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. அதில் பாதி கார் ஹாரன், கால்வாசி உன் சிரிப்பு. மிச்சத்தில், "பெரியம்மா, பால், பழம், காப்பி எதுல வேணா கலந்து குடிங்க, ஒண்ணும் ஆகாது," என்பதுபோல் ஏதோ கேட்டது. வலேரியோ அதைக் கேட்டுவிட்டு இது ஆவணம் ஆகாது என்றான். அடுத்து ஒரு மஞ்சள் கட்டைவிரல் அனுப்பினாய். அதையும் ஏற்கவில்லை. நீ அன்போடுதான் அனுப்பினாய் என்பது தெரியும். ஆனால் அந்தக் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நான் என் வீட்டில் இருக்க முடியாது.

எனவே, உன் மருத்துவமனைக் காகிதத்தில், தெளிவான கையெழுத்தில், மாம்பழமும் பாலும் சேர்ந்தால் தீங்கில்லை என்றும், இந்தப் பொடியை உணவோடு சேர்ப்பது பற்றி இங்கே சொல்லப்படுபவற்றில் எது மெய், எது கதை என்றும், உன் பெரியம்மா செய்தது தெளிந்த புத்தியோடு செய்த காரியம் என்றும் எழுது. பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்தை உறுதிப்படுத்தி அனுப்பினால் வலேரியோவுக்குப் பேச வாயிருக்காது. இப்போதெல்லாம் எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. காகிதம் வந்து எனக்காகச் சண்டை போடட்டும்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளின் நெற்றியில் என் பெயரால் சிலுவை போடு. உன் கையில் வரும் நோயாளிகள் எல்லோரும் தேறட்டும்.

உன் பெரியம்மாவும் ஞானத்தாயுமான,
சுல்மீரா

பி.கு.: உறையை ஒட்டிவிட்டுத் திரும்பக் கிழித்தேன். வாயால் சொன்ன பொய்யைவிட மையால் எழுதிய பொய் பெரிது என்று கன்னியர் மடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மேலே, பொடி பாலிலிருந்து எடுப்பது என்று எனக்குத் தெரியும், தெரிந்தே கலந்தேன் என்று எழுதியிருக்கிறேன். எனக்குத் தெரியாது. ஏதோ அவரை வகையிலிருந்து எடுப்பது என்று நினைத்திருந்தேன். டப்பாவில் பெரிதாக இருந்தது ஆங்கிலம், எனக்குக் கற்பித்தது பிரெஞ்சு. சின்ன எழுத்தில் நம் மொழியிலேயே எல்லாம் இருந்தது, அதை நான் படிக்கவில்லை, ஏனென்றால் இந்த மூக்குக்கண்ணாடியில் இப்போது சின்ன எழுத்துத் தெரிவதில்லை. பசுவை ஒஸ்மரீனா காட்டியபோதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அந்த இரண்டு மணி நேரமும் அந்தக் கூடத்தில் எல்லோரையும்விட அதிகமாக நம்பியவளும் பயந்தவளும் நான்தான். அது பால் என்று எனக்குத் தெரியாது என்று வலேரியோவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்துவிட்டு அடுத்த விமானத்தில் போய்விடுவான். சின்ன எழுத்துத் தெரியாதவள் என்று அவனிடம் ஒத்துக்கொள்ள எனக்கு மனமில்லை, சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாதே. மூன்றாம் தேதிக்குப் பிறகு நான் வெறும் தண்ணீரில்தான் கலந்து குடிக்கிறேன். மாம்பழக் காலம் முடிய இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. ஆகவே பதில் வலேரியோவுக்கு மட்டுமல்ல, எனக்கும் ஒஸ்மரீனாவுக்கும் வேண்டும். முதல் தேதிக்குள் எழுத்தில் அனுப்பு.