மச்சான் கயிறும் பச்சை இன்ஜினும்

இனி செத்தாலும் மச்சான் படகில் கயிறு கட்டிக் கரைக்கு வர மாட்டேன். போன வாரம் செவ்வாய்க்கிழமை நான் போட்ட சபதம் இது. அன்றைக்கு நடுக்கடலில் என் இன்ஜின் நின்றுவிட்டது. என் மனைவி பிலோமியின் தம்பி பவுல்தான் என் படகைக் கட்டி இழுத்து வந்தான். சும்மா இழுத்தால் பரவாயில்லை. "அத்தான், கயிற நல்லாப் பிடிச்சிக்கிடுங்க!" என்று திரேஸ்புரம் கரை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திக்கொண்டே இழுத்தான். மானம் போச்சு.

அதனால் படகுக்கு ஸ்பேராக ஒரு சின்ன இன்ஜின் வாங்க முடிவு செய்தேன். வெள்ளத்துரை அண்ணாச்சியின் பழைய இன்ஜின் கடைக்குக் கிளம்பினேன். பிலோமியும் சேலை மாற்றிக்கொண்டு கூடவே வந்துவிட்டாள்.

கடையில் இரண்டே இரண்டுதான். ஒன்று சிவப்பு, பதினஞ்சு எச்பி, பளபளவென்று இருந்தது. இன்னொன்று பச்சை, எட்டு எச்பி, நோஞ்சான்.

"ஏங்க, சிவப்பையே எடுங்க. பச்சை வேண்டாம்."

"ஏன்ளா வேண்டாம்?"

"பொடிசா இருக்கு. பாக்கிறவன் சிரிப்பான்."

"ஸ்பேர் இன்ஜின் என்ன மாப்பிள்ளையாளா, அழகு பாக்க? ஒத்தை ஆளு தூக்கி மாட்டணும்லா!"

"சிவப்பு பெட்ரோல்ல ஓடுமாம். கெத்தா இருக்கும்."

"நம்ம பெரிய இன்ஜினு மண்ணெண்ணெய். ரெண்டு எண்ணெயையும் நான் சுமக்கவா? பச்சையும் மண்ணெண்ணெய்தாம்லா, ஒரே கேன் போதும்!"

"நான் சொல்லி என்னைக்குக் கேட்டிருக்கிய?" மூக்கை உறிஞ்சினாள்.

ஆகா! கல்யாணமாகி இருபது வருசத்தில் முதல் வெற்றி. அண்ணாச்சி என்னவோ விடாமல் இருமினார். நான் கண்டுகொள்ளவில்லை. பச்சையைத் தோளில் ஏற்றிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்களில் யாரும் கடலுக்குப் போவதில்லை. புதிதாக வாங்கிய இன்ஜினை, மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் மந்திரித்துத் தர வேண்டும், அப்புறம்தான் அது கடலைத் தொடும். ஊரே கூடி நின்றது. தீர்த்தம் தெளிக்க மூடியைத் திறந்தவர் உள்ளே குனிந்து பார்த்தார்.

"இது நம்ம பவுல் இன்ஜின்லா? போன வருசம் மந்திரிச்சப்போ இந்த மாதா படத்த நான்தானே ஒட்டினேன்! பச்சை பெயின்ட் எப்ப அடிச்சான்?"

கரையே சிரித்தது. ரோசத்தில் அவன் படகில் நான் கால் வைத்தே மூன்று வருசமாகிறது. எனக்கெப்படித் தெரியும்?

"ஏளா, பச்சை வேண்டாம்னுல்லா சொன்ன?"

"வேணும்னு சொல்லியிருந்தா எடுத்திருப்பியளா?" அவள் கண் கலங்கியிருந்தது. "தம்பி பெருசு வாங்கிட்டான். இது ஒரு நாளும் மக்கர் பண்ணாத இன்ஜின். நீங்க அங்கன கடல்ல நின்னு போனா, இங்கன எனக்கு உசுரு இல்ல பாத்துக்கிடுங்க."

எனக்குக் கோபமே வரவில்லை. அதுதான் கோபமாக இருந்தது.

புதன்கிழமை பெரிய இன்ஜின் மறுபடியும் படுத்துவிட்டது. பச்சையை ஒரே இழுப்பு இழுத்தேன், பிடித்துக்கொண்டது. யார் தயவும் இல்லாமல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கரைக்கு வந்தேன். பவுல் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு கத்தினான்:

"அத்தான், நம்ம இன்ஜின் நல்லா இழுக்கா?"

திரேஸ்புரம் கரை முழுக்கக் கேட்டது.