குவாண்டத்துக்கு ஓர் ஆயுத பூஜை

பவித்ரா, கிஷோர், நானும் உங்கள் அம்மாவும் எதிரெதிரே நின்று சண்டை போட்டால் "கவுண்ட் ஏறுது" என்று சிரிக்கிறீர்களே, அந்தக் கதையை அம்மா சொல்லித்தான் கேட்டிருக்கிறீர்கள். அவள் காரம் சேர்த்துச் சொல்வாள். நடந்ததை நானே எழுதுகிறேன். (பெரிய வித்தியாசம் இருக்காது.)

காட்டுப்பாக்கம் பக்கம் ஒரு கல்லூரியில் ஆய்வக உதவியாளனாக இருந்தேன். சாவி என்னிடம். (கர்வமும்தான்.) அங்கே நித்யா மேடம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தார். பாசிட்ரானும் எலக்ட்ரானும் சந்தித்தால் இரண்டும் அழிந்து, இரண்டு ஒளித்துகள்கள் எதிரெதிர்த் திசையில் பறக்குமாம். குவாண்டம் மாற்றம் பற்றிய ஒரு கோட்பாடு சரிதானா என்று அவற்றை வைத்துச் சோதித்தார். நடுவில் கதிரியக்கப் பொருள் வைத்த ஈயப் பெட்டி; அதைப் பார்த்தபடி பக்கத்துக்கு ஒரு கருவி. இரண்டும் ஒரே நேரத்தில் ஒளித்துகளைப் பிடித்தால்தான் கணக்கில் சேரும்.

பூஜை விடுமுறை முழுக்க அது தானாக ஓட வேண்டும். முடிந்ததும் அந்தக் கணக்கோடு அவர் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். எதையும் தொடக் கூடாது என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஆவடியில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெராக்ஸ் மெஷினுக்குக்கூடச் சந்தனம் வைத்துவிட்டு இதை மட்டும் விடுவதா? ஈயப் பெட்டியைத் தொடப் பயம். கருவிகளுக்கு வைக்கலாம் என்றால், ஒன்று வாசலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. முதுகுக்கா பொட்டு வைப்பது? இரண்டையும் மெதுவாகத் தூக்கி, பெட்டிக்கு முன்னால் மாப்பிள்ளை பெண் மாதிரி ஜோடியாக, வாசலைப் பார்த்து நிறுத்தினேன். சந்தனம், குங்குமம், இரண்டுக்கும் சேர்த்து ஒரே மாலை.

ஆவடியில் மேடத்தின் கம்ப்யூட்டரில் எண்ணிக்கை படுத்துவிட்டது. மேடம் போன் போட்டுவிட்டுக் கிளம்ப, கோட்பாடே கவிழ்ந்துவிட்டதோ என்று அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் ஐயப்பன்தாங்கலிலிருந்து பாதி இட்லியில் எழுந்து ஓடி வந்தார். (கொஞ்ச நேரம் நான் அறிவியலையே புரட்டிப் போட்டிருந்தேன்.)

இருவரும் மூச்சிரைக்க நுழைந்தபோது கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னா சார், லீவு நாள்ல வந்துகிறீங்க? பொரி எடுத்துக்கோங்க."

பேராசிரியர் மாலையையே பார்த்தார். "யோவ், இதுங்க ஏன்யா வாசலைப் பார்த்து நிக்குது?"

"சாமி வர்ற வழி அதானே சார்."

மேடம் அப்படியே தரையில் உட்கார்ந்தார். நான் நீட்டிய பொரியையும் வாங்கிக்கொண்டார். "அண்ணா, அதுங்க எதிரெதிரா நின்னாத்தாண்ணா கவுண்ட் ஏறும்" என்றார்.

ஆய்வேடு ஒரு பருவம் தள்ளிப்போனது. கோட்பாடு கவிழவில்லை; என் மானம்தான்.

அடுத்த ஆயுத பூஜைக்கும் சந்தனக் கிண்ணத்தோடு போனேன். யாரும் இல்லை. கதவைத் திறக்காமல் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இரண்டும் எதிரெதிரே நின்றன, எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. பூட்டுக்கு மட்டும் ஒரு பொட்டு வைத்துவிட்டு வந்தேன்.