பூட்டிய வீட்டின் ஓனர்

காலை ஆறு மணி. பொழிச்சலூரில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் பச்சை கேட்டில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி நின்றார் அசரியா.

"இது என் வீடு. நன்றி."

ஆபீஸ் பயிற்சி வகுப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வேண்டியதைத் தேர்ந்தெடு. தொடு. கிடைத்துவிட்டதாகவே பேசு. இல்லை என்ற சொல்லை வாயில் எடுக்காதே.

அவர் குடியிருந்த பம்மல் வீட்டை மாதக் கடைசியில் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். அடுத்தது சொந்த வீடுதான் என்று மனைவி தபீதாளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

"சார் வீடா?"

கண்ணைத் திறந்தார். எதிரே ஒரு அம்மாள் நின்றிருந்தார். தெருச் சங்கத்தின் செயலாளர் கனகவல்லி என்று அந்தம்மாள் தன்னைச் சொல்லிக்கொண்டார்.

இல்லை என்று சொல்லக் கூடாது.

"ஆமா மேடம்."

"அப்பாடா. எவ்வளவு நாளா ஓனரத் தேடறோம். உங்க முருங்கை மரம் பூரா கம்பளிப்பூச்சி. தெருவே சொறிஞ்சுக்கிட்டு நிக்குது."

உங்க முருங்கை மரம். அசரியாவுக்கு உடம்பு சிலிர்த்தது. வகுப்பு வேலை செய்கிறது.

அன்றைக்கே ஆள் பிடித்து, ரோட்டுப் பக்கம் நீண்டிருந்த கிளையை வெட்டச் சொன்னார். கிளை மின்கம்பியில் விழுந்தது. தெரு முழுக்கக் கரண்ட் போனது. மின்வாரியத்துக்கு போன் செய்து, ஓனர் என்று தன் பெயரையும் நம்பரையும் கொடுத்தார். கரண்ட் வந்தது. நம்பர் தெருவுக்கே தெரிந்துபோனது. வாடகைக்கு வீடு கேட்டு ஆள் மாற்றி ஆள் கூப்பிட்டார்கள். தொல்லை தாங்காமல், நாங்களே குடிவருகிறோம் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் கனகவல்லி போன் செய்தபோது அசரியா குளித்துக்கொண்டிருந்தார். தபீதாள் எடுத்தாள்.

"ஞாயித்துக்கிழமை வரவேற்பு வச்சிருக்கோம்மா. பூமாலை உங்களுக்கும் ஒண்ணு சொல்லிடட்டுமா?"

குளித்துவிட்டு வந்தவர், சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்த மனைவியைப் பார்த்தார். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். மூடினார். சனிக்கிழமை இரவு வரை திறந்து திறந்து மூடினார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து இருவரும் வந்தபோது தெரு கூடியிருந்தது. தபீதாள் கையில் பாலும் புதுப் பாத்திரமும். எதிர் வீட்டுச் செல்லியம்மாள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தாள். அசரியாவின் கழுத்தில் மாலை விழுந்தது. ஒரு கார் வந்து நின்றது.

"நான் ஜெயகிருஷ்ணன். என் வீட்டு மரத்த வெட்டினது யாரு?"

அசரியா மாலையைக் கழற்றினார். பம்மல் வீடு, வகுப்பு, கேட் எல்லாவற்றையும் நடுத்தெருவில் ஒப்புவித்தார். ஜெயகிருஷ்ணன் போலீஸைக் கூப்பிடப் போவதாகச் சொன்னார்.

தபீதாள் புருஷனைப் பார்க்கவில்லை. முன்னால் வந்தாள்.

"தப்பு எங்களோடதுதான் அண்ணா. இவரை வீட்டுக்குப் போய் நான் பாத்துக்கறேன். பால் வாங்கியாச்சு. ஒரே ஒரு தடவை உள்ள போய்க் காய்ச்சிட்டுக் கிளம்பிடறோம். கதவ மட்டும் திறங்க."

ஜெயகிருஷ்ணன் சட்டைப் பையைத் தடவினார். பேன்ட் பையைத் தடவினார். சாவியைக் கேளம்பாக்கத்து வீட்டிலேயே வைத்துவிட்டேன் என்றார். காரைப் பார்த்து நகர்ந்தார்.

செல்லியம்மாள் நாற்காலியை விட்டு எழவில்லை.

"அவராண்ட ஏதும்மா சாவி? போன வருசம் அவரும் இதே கேட்டாண்டதான் கண்ண மூடிகினு நின்னுகினு இருந்தாரு."