பீங்கானைத் தட்டிப் பார்ப்பவர்

பீங்கானைக் கண்டால் தட்டாமல் இருக்க முடியாத ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கோப்பையைக் கொடுத்தால், குடிப்பதற்கு முன் நகத்தால் ஒரு 'டிங்'. புதுத் தரையைக் கண்டால், குனிந்து விரல் முட்டியால் ஒரு 'டொக்'. பிறகு கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, நாடி பிடித்த வைத்தியர் போல ஒரு மௌனம். அதற்குள் தேநீர் ஆறிவிடும்.

எங்கள் மாடி வீட்டுக்காரர் இந்த இனத்தின் தலைவர். செராமிக் என்றால் என்னவென்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டால்தான் சொல்வாரா என்ன?

"வெறும் மண்ணுதாங்க. சுட்டுட்டா வேற பிறவி! தரையில பதிச்சா டைல்ஸ், கரண்டு கம்பத்துல மாட்டினா ஷாக்கைத் தடுக்கும், வாயில வச்சா பல்லு!"

இவ்வளவு தெரிந்தவர் வீட்டில் ஒரு வெஸ்டர்ன் டாய்லெட் இல்லை. அவருடைய அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. குந்தி உட்கார்ந்தால் எழ முடியாது. தினமும் மருமகள்தான் தோள் கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். "நல்லதா பார்த்து வாங்கிடலாம்" என்று அவர் கிளம்பி மூன்று மாதம். ஏறாத கடை இல்லை, தட்டாத பீங்கான் இல்லை. ஒன்று மந்தமாக ஒலித்தது: "வேக்காடு பத்தல." இன்னொன்று கணீரென்று ஒலித்தது: "இவ்வளவு கணீர்னா சந்தேகப்படணும்." கச்சேரிக்கா வாங்குகிறார்?

கடைசியில் மருமகள் மாமியாரையே கடைக்குக் கூட்டிப்போனாள். ஒரு பக்கம் தாங்கிக்கொள்ள நானும் போனேன். கூடவே வந்த மகன் வழக்கம்போல வரிசையாகத் தட்டிக்கொண்டே போய்த் திரும்பிப் பார்த்தால், கடை நடுவில், காட்சிக்கு வைத்திருந்த ஒன்றின் மூடிமேல் அம்மா உட்கார்ந்திருக்கிறார். யார் கையையும் பிடிக்காமல் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"இதான்டா."

"அம்மா, எந்திரிங்க. இதை இன்னும் தட்டிப் பாக்கல."

"தட்டேன். நான் உட்கார்ந்துக்கிட்டே இருக்கேன், என்ன சத்தம் வருதுன்னு சொல்லு."

கடைக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்தார். மகனுடைய விரல் முட்டி பாதி வழி வந்தது. அம்மா ஒரு பார்வை பார்த்தார். முட்டி சட்டைப்பைக்குள் போய்விட்டது.

"பில் போட்டுடுங்கண்ணே" என்றாள் மருமகள்.

உங்களைச் சொல்லவில்லை. நீங்கள் எதையும் தட்டுகிறவர் இல்லை. ஆனாலும், வீட்டில் ஒருவருக்கு அவசரமாக வேண்டிய ஏதோ ஒன்றை 'நிதானமாக விசாரித்து' வாங்க நீங்கள் கிளம்பி எத்தனை நாளாகிறது? நினைவில்லையா? வீட்டில் கேளுங்கள். தேதியோடு சொல்வார்கள்.