முன்வரிசையில் ஒரு காலி நாற்காலி

"மாமா, ஒப்பனை அறையில ஒரே புழுக்கம். ராஜாவோட ஒட்டு மீசை கழண்டு விழுது. சீக்கிரம் மாடிக்குப் போங்க!"

முன்வரிசையில் அப்போதுதான் உட்கார்ந்திருந்த பொறியாளர் போனை முறைத்துப் பார்த்தார். பேசியது திரை இழுப்பவர். பொறியாளரின் மனைவிதான் நாடகத்தில் ராணி; திரை இழுப்பவருக்கு அவர் அக்கா. அதனால் பொறியாளர் மாமா.

பழைய அரங்கத்துக்கு இவர்தான் புதிதாகக் குளிர்சாதனமும் காற்றோட்டக் குழாய்களும் பூட்டியிருந்தார்; அதன் பிறகு இன்று முதல் நாடகம். பொறியாளருக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு. மனைவியின் மூன்று நாடகங்களுக்கு வேலையைக் காட்டி டிமிக்கி கொடுத்தாகிவிட்டது. இதையும் பார்க்கவில்லை என்றால் வீட்டில் பேச்சுவார்த்தை இருக்காது.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினார். அங்கிருந்த குளிர்சாதனக் கட்டுப்பாட்டுக் கருவியின் திரை, ஒப்பனை அறையில் இருபத்து நாலு டிகிரி என்று காட்டியது. அப்புறம் என்ன புழுக்கம்? இருந்தாலும் குறைத்து வைத்தார். பாதிப் படி இறங்கவில்லை, போன்.

"மாமா, இப்ப பல்லு கிட்டுது. ராஜாவுக்குக் குரலே வரல."

"யோவ், ராஜாவுக்கு என்னதான்யா வேணும்?"

"கோவிச்சுக்காதீங்க மாமா. கலைஞர்கள் உடம்பு."

திரும்ப ஏறினார். ஒப்பனை அறைக்குப் போகும் காற்றை அடைத்து மேடைப் பக்கம் திருப்பினார். கீழே நாடகம் தொடங்கியது. மறுபடியும் போன்.

"மாமா! அரண்மனைச் சுவர் ஆடுது! இது நிஜமாவே ஆடுது! ராஜா முதுகு கொடுத்து முட்டுக் கொடுத்துட்டு இருக்கார்!"

போனுக்குள் ஜனங்கள் சிரிப்பது கேட்டது. பதறிப்போய் மொத்தத்தையும் நிறுத்தினார். கீழே நோட்டீசால் விசிறிக்கொண்டவர்கள் கத்த ஆரம்பித்தார்கள். மறுபடி போட்டால், கருவி நிதானமாகத் தன்னைத் தானே சோதித்துக்கொண்டது. அவசரத்தில் எந்தப் பொத்தானை அமுக்கினாலும், சோதனையை முதலிலிருந்து ஆரம்பித்தது. ஒருவழியாகக் காற்று வந்தபோது, கீழிருந்து பலத்த கைதட்டலும் வந்தது.

நாடகம் முடிந்துவிட்டது.

சட்டை முதுகில் ஒட்ட, மேடைக்குப் பின்னால் வந்து ஒரு பெட்டிமேல் சாய்ந்தார் பொறியாளர். திரை இழுப்பவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"போச்சுய்யா. அவ அழுற கட்டத்தையாவது பாக்கணும்னு நெனச்சேன். இனி எந்த மூஞ்சியோட அவ எதிர்ல நிப்பேன்?"

"அட, அக்கா ஏக சந்தோஷத்துல இருக்காங்க மாமா."

"சந்தோஷமா? நான் பாக்காததுக்கா?"

"பின்னே? நேத்து ஒத்திகையில அவங்க கதறி அழறப்ப, நீங்க கூரையில காத்து வர்ற ஓட்டையையே அண்ணாந்து பாத்துட்டு இருந்தீங்களாம். அவங்களுக்கு வசனமே மறந்துபோச்சு. 'நாளைக்கு எதையாவது சொல்லி அந்த மனுஷனை மாடியிலயே வெச்சிரு'ன்னு என் கையில போனைக் கொடுத்ததே அக்காதான்!"