கொப்பு இருக்கிற மரம்

தெரியாது என்ற சொல் என் வாயிலிருந்து லேசில் வராது. எழுத்துத் தெரியாது என்பதை மட்டும் ஒத்துக்கொள்வேன். அதைத்தான் உடனே கண்டுபிடித்துவிடுவார்களே. (இதையும் நான் சொல்லச் சொல்ல என் பேத்திதான் எழுதுகிறாள். இடைக்கிடை சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.) மற்றப்படி பிள்ளைப்பேறு, பழுதான தையல் மெஷின், பக்கத்து வீட்டுச் சண்டை, எதைக் கேட்டாலும் எனக்குத் தெரியும். இந்தக் குணத்தால்தான் எண்பதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லாங்கன்தால் என்ற வெளிநாட்டு ஊருக்குப் பக்கத்துக் காட்டில், நல்ல சேலையோடு மரத்தில் தொங்கினேன்.

அப்போது நாங்கள் அகதி முகாமில் இருந்தோம். ஓர் அறையில் இரண்டு குடும்பம், நடுவில் ஒரு போர்வை. இவர் (என் மனிசன்தான்) ஒரு கிராமத்துச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். மூன்று மாதம் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று என்னையும் அங்கே மரக்கறி வெட்ட எடுத்தார்கள். வேலை நிரந்தரமானால் கடைக்கு மேலே இருக்கிற இரண்டு அறையையும் எங்களுக்குத் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். ஜன்னலைத் திறந்தால் ஆப்பிள் மரம். மனதுக்குள் அந்த ஜன்னலுக்குத் திரைச்சீலை தைத்து, மாட்டியும் விட்டேன்.

முதலாளி ஒரு வேட்டைப் பைத்தியம். இலை உதிரத் தொடங்கினால் கடையில் மான் இறைச்சிதான். (நான் தொடமாட்டேன். கூட வைக்கிற சிவப்பு முட்டைக்கோவாவை வெட்டிக் கொடுப்பதோடு சரி.) மானுக்கு மனித வாடை பட்டால் ஓடிவிடுமாம், அதனால் மரத்தில் ஏறி இருந்து பார்ப்பார்கள். முந்தின வருடம் ஏணிப்படி முறிந்து விழுந்து, முதலாளி இன்னும் நொண்டிக்கொண்டுதான் இருந்தார். முதலாளியம்மாவுக்கு அதுதான் கவலை. முதலாளியின் அறுபதாவது பிறந்தநாளுக்கு, விழாமல் ஏறக்கூடிய ஒரு நல்ல சாமான் வாங்கிக் கொடுக்க நினைத்தார்.

என்னிடம் ஊர்வீட்டுப் படம் ஒன்று இருந்தது, பின்னால் வரிசையாகப் பனை. அதைப் பார்த்த முதலாளியம்மா, இதில் எப்படி ஏறுவார்கள் என்று கேட்டார். நான் சமையலறைத் தூணைக் கட்டிப்பிடித்துக் காட்டினேன். நீயும் ஏறுவாயா என்றார். அங்கேதான் சனியன் பிடித்தது. தலையை ஆட்டிவிட்டேன்.

இவர் கேள்விப்பட்டதும் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீர் எப்பவப்பா பனை ஏறினனீர்?"

"ஏறுறதைப் பாத்தனான் தானே."

"பாத்தாப் போதுமோ? கொய்யா மரத்திலை இருந்தே ரெண்டு தரம் விழுந்தனீர் எண்டு மாமி சொன்னவா."

"அது சின்ன வயசிலை. நீங்கள் கோப்பையைக் கழுவுங்கோ."

வேட்டைச் சாமான் கடைக்கு முதலாளியம்மா என்னைத்தான் கூட்டிப்போனார், நிபுணி என்று. கடைக்காரர் முதலில் கால் சப்பாத்தில் கட்டுகிற இரும்பு முள்ளைக் காட்டினார். மரம் பாவம் என்று முகத்தைச் சுளித்தேன். அடுத்தது இடுப்புப் பட்டியும் கயிறும். மாட்டைக் கட்டுவது போல இருந்தது. துண்டு துண்டாகப் பூட்டுகிற ஏணியை எடுத்ததும் முதலாளியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியாக இரண்டு இரும்புச் சட்டம் வந்தது. ஒன்றில் குந்தி இருக்கலாம், மற்றதில் கால் வைக்கலாம், இரண்டும் மரத்தை வளைத்துப் பிடிக்கும். இருந்துகொண்டு காலால் கீழ்ச் சட்டத்தை இழுக்க வேண்டும், பிறகு எழும்பி நின்று மேல் சட்டத்தை உயர்த்த வேண்டும். எங்கள் ஊரில் காலில் தளைநார் போட்டு ஏறுவார்களே, அதே கணக்கு.

ஏறிப் பார்க்க அங்கே வழுவழுவென்று ஒரு தூண் நின்றது. சப்பாத்தைக் கழற்றினேன், சேலையை இழுத்துச் சொருகினேன், ஏறினேன். சத்தியமாக ஏறினேன். கூரையில் தலை முட்ட ஒரு முழம்தான் பாக்கி. கடைக்காரர் கைதட்டினார். முதலாளியம்மா வாசலில் யாரோடோ கதைத்துக்கொண்டு நின்ற நேரம், கடைக்காரர் இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து விரித்து என்னிடம் ஏதோ கேட்டார். முதலாளி பருமனான ஆளோ என்று கேட்கிறார் என நினைத்தேன். "யா, யா" என்று அவரைவிட அகலமாக விரித்துக் காட்டினேன். அவர் குழம்பித்தான் போனார். ஆனால் தூணில் ஏறியவளோடு யார் வாதாடுவது? பொதி கட்டிக் கொடுத்துவிட்டார்.

பிறந்தநாளன்று மத்தியானம் நாங்கள் நாலு பேரும் காட்டுக்குப் போனோம். முதலாளி வழக்கமாக ஏறுகிற மரத்தை அண்ணாந்து பார்த்தேன். கிறிஸ்மஸுக்கு வீட்டுக்குள் வைப்பார்களே, அந்த இன மரம். ஆனால் வானத்தைக் குத்திக்கொண்டு நின்றது. இரண்டாள் உயரத்துக்கு மேலே சுற்றிவரக் கிளை கிளையாகக் கொப்பு. அதற்கு மேலும் கொப்பு, உச்சி வரைக்கும் கொப்பு. பனைக்கு ஏது கொப்பு? கடைத் தூணுக்கு ஏது கொப்பு? மரத்தை வளைத்துப் பிடிக்கிற சட்டம் கொப்பைத் தாண்டுமோ? கடைக்காரர் கையை விரித்து என்ன கேட்டார் என்பது அப்போதுதான் என் மண்டைக்குள் இறங்கியது.

முதலாளி சட்டத்தைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாக, ஏறிக் காட்டச் சொன்னார்.

"என்னப்பா செய்ய?" என்று இவரிடம் மெல்லக் கேட்டேன்.

"ஏறும். பாத்தனீர் தானே."

ஏறினேன். முதல் கொப்பில் மேல் சட்டம் இடித்து நின்றது. கொப்பைப் பிடித்து எம்பினேன், கீழ்ச் சட்டம் கழன்று கீழே பாசியில் பொத்தென்று விழுந்தது. கொப்பைக் கட்டிப்பிடித்தபடி நான் வௌவால் மாதிரித் தொங்கினேன். சேலை முழுக்க மரப்பிசின். இவர் ஓடி வந்தார். அதற்குள் முதலாளி இவரைத் தோளில் பிடித்து அப்படியே குந்த வைத்து, வாயில் விரலை வைத்தார்.

புல்வெளியில் இரண்டு மான்.

மேய்ந்து மேய்ந்து எனக்கு நேர் கீழே வந்து, அண்ணாந்து என்னைப் பார்த்தன. நான் மூச்சு விடவில்லை. (நான் அவ்வளவு நேரம் வாய் திறக்காமல் இருந்ததைத் தன் வாழ்நாளில் அன்றுதான் கண்டதாக இவர் இன்றைக்கும் சொல்வார்.) சுடுவதற்குத் துவக்குக் கொண்டுவராத முதலாளி மானைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் மேலே தொங்கியபடி, மனதுக்குள் மாட்டிய திரைச்சீலையை ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

மான்கள் ஆறுதலாக மெல்லப் போன பிறகுதான் என்னை இறக்கினார்கள். கடைக்கு வந்ததும் முதலாளி எங்களை மேசையில் இருத்தினார். சமையல்காரி அடுத்த கிழமை முழுக்க லீவாம். மாவைக் கொதிதண்ணீரில் சீவிப் போட்டு அவிப்பார்களே, ஸ்பெட்ஸ்லி, அது எனக்குச் செய்யத் தெரியுமோ என்று இவரைக் கேட்கச் சொன்னார். அவள் செய்வதை நூறு தரம் பார்த்திருக்கிறேன். பாத்தனான் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"தெரியாது எண்டு சொல்லுங்கோ."

இவருக்குக் காதில் சந்தேகம். "என்னண்டு?"

"தெரியாதப்பா. எனக்குத் தெரியாது எண்டு சொல்லுங்கோ."

இவர் சொன்னார். முதலாளி இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு நொண்டி நொண்டி உள்ளே போய், மேல் அறைத் திறப்பைச் சாவிக்கொத்தோடு கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பழக்கிவிடலாம் என்றாராம்.

அந்த இரண்டு அறையில் ஏழு வருடம் இருந்தோம். என் மகள் அந்த ஜன்னலடியில்தான் தவழ்ந்தாள். சட்டம் கடை வாசல் கம்பத்தில் ஏறி, வருடக்கணக்காகப் பூச்சாடி தாங்கியது. சேலைப் பிசின் எத்தனை தேங்காய் எண்ணெய்க்கும் முழுதாகப் போகவில்லை. இப்போதும் பெட்டியைத் திறந்தால் அந்தக் காடு மணக்கிறது.

எங்கள் வீட்டில் கார் வாங்கினாலும், ஓஸ்டர்முண்டிகனில் வீடு பார்த்தாலும், ஒரு மிக்ஸி வாங்கினாலும் யாராவது ஒருவர் கேட்பார்: "கொப்புப் பாத்தாச்சோ?" மகளுக்கு மாப்பிள்ளை பேச வந்தவர்கள் முன்னாலேயே இவர் கேட்டுவிட்டார். அவர்கள் தோட்டத்தைப் பற்றிக் கேட்பதாக நினைத்தார்கள்.

போன மாதம் இந்தப் பேத்தி ஒரு பெடியனைக் கூட்டிவந்தாள். (இதை எழுதமாட்டாளாம். எழுது பிள்ளை.) இவர் கண்ணாடியைப் போட்டு அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"என்ன, கொப்பு இருக்கோ?"

எழுத்தை விட்டால், என் வாழ்க்கையில் இரண்டாம் தரமாக அந்தச் சொல்லைச் சொன்னேன்.

"தெரியாதப்பா. இந்த முறை நீங்கள் ஏறிப் பாருங்கோ."